முதலில் காயிலை மாற்றாதே!

செல்ஃப் அடித்தால் என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே பாதிப் பேர் புது காயில் ஒன்றை வாங்கி மாட்டியும் பார்த்திருப்பார்கள். தங்கச்சியோ தம்பியோ, நீ யாராக இருந்தாலும் அக்கா முதலில் சொல்வது ஒன்றுதான்: காயில் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான் இல்லை. அது கெடுவதற்கு முன்னால் பாயிண்ட் தேய்ந்திருக்கும், எர்த் விட்டிருக்கும், எங்கேயோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும், ஒரு வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் வண்டி கிளம்பிவிடும். எது கெட்டிருந்தது என்று மட்டும் கடைசிவரை தெரியாது. பேட்டரியில் தொடங்கி பிளக் வரை, கரன்ட் போகிற வழியிலேயே ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு போ. அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

நான் சொல்லப்போவதெல்லாம் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் உள்ள அம்பாசிடரை வைத்துத்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற ஆங்கிலேயக் காரை அடிப்படையாகக் கொண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் கட்டிய வண்டி அது. 2014-இல் உற்பத்தி நின்றது. என்ஜின், பி.எம்.சி. கம்பெனியின் பி சீரிஸ். பத்மினியோ, நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டோ வைத்திருந்தாலும் இதே முறைதான். அளவுகளை மட்டும் உன் வண்டியின் புத்தகத்தைப் பார்த்து வைத்துக்கொள். டீசல் அம்பாசிடருக்கு இது எதுவும் பொருந்தாது, டீசலில் பொறியே கிடையாது.

பொறி எப்படி வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. தடித்த கம்பியில் கொஞ்சம் சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் தடித்த கம்பியில் ஓடுகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்த ஓட்டம் அறுபடுகிறது. வேகமாகத் தண்ணீர் வரும் குழாயைச் சட்டென்று மூடினால் பைப் முழுவதும் அதிர்கிறதே, அந்த மாதிரி ஒரு அதிர்ச்சி மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட்டாக எழுகிறது. அந்த வோல்ட் நடு வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வந்து, சுழலும் ரோட்டாரில் ஏறி, எந்த சிலிண்டரின் முறையோ அந்த பிளக்குக்குப் போய்க் குதிக்கிறது. பாயிண்ட் மூடும்போது பொறி வராது, திறக்கும்போதுதான் வரும். இதை மனதில் நன்றாக வைத்துக்கொள்.

கண்டன்சரின் வேலை, பாயிண்ட் திறக்கிற நேரத்தில் அங்கேயே பொறி அடித்துக் கரன்ட் வீணாகாமல் பார்த்துக்கொள்வது. அது சரியாக இருந்தால்தான் ஓட்டம் சுத்தமாக அறுபடும். பாயிண்ட்டும் தீயாமல் இருக்கும்.

சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறை இது. 1910-இல் காடிலாக் காரில் வந்தது. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, நாலு சிலிண்டர் வண்டியில் அந்தச் சின்ன பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்? முதலில் சந்தேகப்பட வேண்டியது யாரை என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பானட்டைத் திறப்பதற்கு முன்

வளையல், மோதிரம், உலோக வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வா. பேட்டரி முனைக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு வளையல் பட்டால் அது பழுக்கக் காய்ந்துவிடும், கையை இழுக்கக்கூட நேரம் கிடைக்காது. துப்பட்டாவை, சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொள், முடியைக் கொண்டை போட்டுக்கொள். இந்த வண்டியின் ஃபேன் என்ஜின் பெல்ட்டிலேயே சுற்றுகிறது. என்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போடு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வை. பெட்ரோல் ஒழுகும் வாசனை வந்தால் அதைச் சரி செய்யாமல் பொறி சோதனையே செய்யாதே. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், என்ஜின் ஓடும்போது பிளக் வயர் பக்கம் அவர்களை வரவிடாதே.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். பார்க்கிங் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர் இழுத்து, இரண்டு முனையிலும் கிளிப் போட்டுக்கொள். அதுதான் டெஸ்ட் லேம்ப். மல்டிமீட்டர் இருந்தாலும் இதைச் செய்து வைத்துக்கொள் என்று நான் வற்புறுத்துவேன். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். மீட்டர் கரன்ட் இழுப்பதே இல்லை. பல்பு இழுக்கிறது; களிம்பு பிடித்த இணைப்பில் அது மங்கி எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரியும் எர்த்தும்

என்ஜின் சோம்பலாகச் சுற்றினால் பிரச்சனை இன்னும் பொறி வரைக்கும் வரவே இல்லை. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால், மிச்சம் இருக்கும் கரன்ட் காயிலுக்குப் போதாது. முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கழற்றி வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, துடைத்து, இறுக்கி மாட்டி மேலே வாசலின் தடவு. கழற்றும்போது பாடிக்குப் போகிற கேபிளை முதலில் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு.

அடுத்து எர்த். இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அதில் பெரிய ஆதங்கம். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரன்ட் போகாது. அதனால் பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அது துருப்பிடித்தோ அறுந்தோ போனால், செல்ஃப் மோட்டாரின் அத்தனை கரன்ட்டும் வேறு வழி தேடும். பெரும்பாலும் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சூடாகிறதா, லேசாகப் புகைகிறதா? உன் எர்த் பட்டை போய்விட்டது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளக்கும் இரும்போடு இரும்பாக இறுக்கு.

இன்னொன்று. சில பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். உன் வண்டியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள். டெஸ்ட் லேம்புக்கு இதனால் வித்தியாசம் இல்லை, ஆனால் ஜம்ப் கேபிள் போடும்போதும், எலக்ட்ரானிக் கிட் வாங்கும்போதும் உயிர்நாடியான விஷயம்.

பொறி இருக்கிறதா, இல்லையா

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த வயரை உருவு. காயிலிலிருந்து வருவது அது. பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள இடுக்கியால் பிடித்து, அதன் முனையை என்ஜினில் பெயிண்ட் இல்லாத சுத்தமான இடத்துக்குப் பக்கத்தில், சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வை. பக்கத்தில் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல். நீலமாக, ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும்படி குதித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, நூல் மாதிரி, சத்தமே இல்லாமல் வந்தால் பலவீனமான பொறி. வயரைத் தூரத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் தாவுகிறது என்று வேடிக்கை பார்க்காதே. வெளியே போக வழி கிடைக்காத வோல்ட், காயிலுக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போகும்.

இங்கே நல்ல பொறி இருந்தால் பேட்டரி, சாவி, காயில், பாயிண்ட், கண்டன்சர் ஐந்தும் சரி. இங்கேயே பொறி இல்லை என்றால் மூடி, ரோட்டார், பிளக் எதையும் தொடவே வேண்டாம். ஒரே சோதனையில் பாதி என்ஜின் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது.

பொறியே இல்லை என்றால்

காயிலில் இரண்டு சின்ன முனைகள் உண்டு. பழைய லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ. என்றும் சி.பி. என்றும் போட்டிருக்கும், பிறகு வந்தவற்றில் பிளஸ், மைனஸ் குறி. எஸ்.டபிள்யூ. முனை சாவியிலிருந்து கரன்ட்டை வாங்குகிறது. சி.பி. முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டுக்குப் போகிறது. குறியே அழிந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டு போ, அது சேருகிற இடம்தான் சி.பி.

டெஸ்ட் லேம்பின் ஒரு கிளிப்பை என்ஜினில் கவ்வ விடு. சாவியை ஆன் செய். மற்ற கிளிப்பை முதலில் எஸ்.டபிள்யூ. முனையில் வை. எரியவில்லையா? சாவி சுவிட்ச், அதன் பின்னால் இருக்கும் இணைப்புகள், நடுவில் வரும் வயர், இவற்றில் ஏதோ ஒன்று. பேட்டரியின் பாடிக்குப் போகாத முனையிலிருந்து நேராக எஸ்.டபிள்யூ. முனைக்கு ஒரு வயர் கொடுத்து செல்ஃப் அடித்துப் பார். வண்டி பிடித்துக்கொண்டால் கோளாறு சாவிக்கும் காயிலுக்கும் நடுவில் என்பது உறுதி. அப்படி ஓடும்போது சாவியைத் திருப்பினால் வண்டி நிற்காது, வயரை எடுத்தால்தான் நிற்கும். இது சோதனைக்கு மட்டும். இதையே நிரந்தரமாக வைத்து ஓட்டாதே. ஃப்யூஸ் இல்லாத வயர் எங்காவது உரசி எர்த் ஆனால் வண்டியே எரியும்.

எஸ்.டபிள்யூ. முனையில் பல்பு பளிச்சென்று எரிந்தால், கிளிப்பை சி.பி. முனைக்கு மாற்று. இப்போது செல்ஃப் அடிக்கச் சொல். அக்காவுக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மூடியைக் கழற்றாமலே டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே நடப்பதைக் காட்டிவிடும். பாயிண்ட் மூடினால் பல்பு அணையும், திறந்தால் எரியும். மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. அப்படியும் காயிலிலிருந்து பொறி வரவில்லை என்றால் கண்டன்சரையும், அதற்குப் பிறகு காயிலையும், நடுவில் வரும் தடித்த வயரையும் பார்க்கலாம்.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் தொடவில்லை. ரொம்ப நாள் ஷெட்டில் நின்ற வண்டிகளில் இதுதான் வழக்கமான கோளாறு. பாயிண்ட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும். பெட்ரோலில் நனைத்த கெட்டியான வெள்ளை அட்டைத் துண்டை இரண்டு முகத்துக்கும் நடுவில் விட்டு நாலு தடவை இழு. கறுப்பு நின்றுபோகும்வரை இழு. புது பாயிண்ட் மாட்டியதும் வண்டி செத்துப்போனது என்று வருகிறவர்களுக்கும் இதே மருந்துதான். துருப்பிடிக்காமல் இருக்க அதில் தடவியிருக்கும் எண்ணெயைத் துடைக்காமல் மாட்டியிருப்பார்கள்.

பல்பு எரியவே இல்லை என்றால் இரண்டு வாய்ப்பு. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் வயரைக் காயிலின் சி.பி. முனையிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனையில் மறுபடி கிளிப்பை வை. இப்போது எரிந்தால் காயில் நன்றாக இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏதோ எர்த் ஆகிறது, இல்லை பாயிண்ட் திறக்கவே இல்லை. இப்போதும் எரியவில்லை என்றால் காயிலின் உள்சுற்று அறுந்துவிட்டது. காயில் வாங்கக் கடைக்குப் போகலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே

பல அம்பாசிடர்களில் இருப்பது சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். செய்த டிஸ்ட்ரிபியூட்டர். நல்ல உழைப்பாளி. ஆனால் உள்ளே மூன்று இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஒன்று, பாயிண்ட்டின் ஸ்பிரிங் உட்காரும் கம்பத்தில் இருக்கும் இன்சுலேட்டர் வாஷர்கள். காயிலிலிருந்து வரும் வயர், கண்டன்சர் வயர் இரண்டும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், ஆனால் கம்பத்தையோ நட்டையோ தொடக் கூடாது. வாஷரை மாற்றி மாட்டினால் நேராக எர்த், பொறி இருக்காது. பாயிண்ட் மாற்றிய மறு நிமிடமே வண்டி கிளம்பாமல் போனால் வேறு எதையும் யோசிக்காமல் இதைத் திறந்து பார். அடுத்த தடவை கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள், போதும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய வயர்கள். ஒன்று காயில் வயரைப் பாயிண்ட்டோடு சேர்ப்பது, இன்னொன்று பாயிண்ட் உட்காரும் தட்டை எர்த் செய்வது. வேகம் கூட்டும்போதெல்லாம் வாக்குவம் அந்தத் தட்டை அசைக்கிறது, அதோடு இந்த வயர்களும் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் வளைந்து, ஒரு நாள் உறைக்குள்ளேயே செம்பு அறுந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும். நின்ற இடத்தில் அழகாக ஓடுகிற வண்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இருமி நின்றால், எல்லோரும் கார்பரேட்டரைப் பிரித்துப் போடுவார்கள். நீ அதற்கு முன்னால் இந்த வயரை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார். ரப்பர் மாதிரி நீண்டுகொடுத்தால் உள்ளே அறுந்திருக்கிறது. மாற்றும்போது சாதாரண வயர் போடாதே, நிறைய மெல்லிய இழைகள் உள்ள மிருதுவான வயராகப் போடு. இல்லையென்றால் சில மாதங்களில் திரும்ப வரும்.

மூன்றாவது பாயிண்ட்டேதான். இடைவெளி 15 தௌ, அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு, 0.38 மில்லிமீட்டர். கேமின் மேடு பாயிண்ட்டை முழுதாகத் திறந்து நிற்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார். என்ஜினை அந்த இடத்துக்குக் கொண்டுவர, சாவியை அணைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கையும் செங்கல்லையும் எடுத்து, நாலாவது கியரில் போட்டு ஒருவரை மெதுவாக வண்டியைத் தள்ளச் சொன்னால் போதும். ஒரு முகத்தில் பள்ளம், எதிர் முகத்தில் மேடு என்று இருந்தால் ஃபீலர் கேஜ் தப்பான அளவு காட்டும்; தேய்த்துச் சமமாக்கு, இல்லை மாற்று. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும் என்பதை மறக்காதே. இடைவெளி கூடினால் பொறி முன்னால் வரும், குறைந்தால் பின்தங்கும். புது பாயிண்ட்டில், கேமில் உரசும் ஃபைபர் துண்டு ஆரம்பத்தில் வேகமாகத் தேயும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திறந்து சரிபார்த்துக்கொள். கேமில் கிரீஸ் வைப்பது நல்லது, ஆனால் ஒரு பொட்டு மட்டும். அதிகமானால் சூட்டில் உருகிப் பாயிண்ட்டில் தெறிக்கும்.

பாயிண்ட் முகம் நீலம் பாய்ந்து தீய்ந்திருந்தால், மூடியைக் கழற்றி செல்ஃப் அடிக்கும்போது அங்கே பெரிய பொறி அடித்தால், கண்டன்சர் போய்விட்டது. வழியில் மாட்டிக்கொண்டால் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்க வேண்டியதே இல்லை. பழைய கண்டன்சரின் வயரை மட்டும் கழற்றி, தொடாதபடி டேப் சுற்றிவிட்டு, வேறொரு கண்டன்சரின் வயரைக் காயிலின் சி.பி. முனையில் மாட்டி, அதன் உடம்பை என்ஜினோடு ஒரு போல்ட்டில் இறுக்கிவிடு. வீடு வந்து சேரலாம்.

காயிலில் பொறி, பிளக்கில் இல்லை

அப்போது ரோட்டாரும் மூடியும்தான். மூடியைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார். நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன கார்பன் துண்டு இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் மூடியை மாற்று. பித்தளை முனைகளுக்கு நடுவே பென்சிலில் கோடு கிழித்த மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால், பொறி அந்த வழியாகப் பக்கத்து சிலிண்டருக்கு ஓடுகிறது. துடைத்தால் போகாது, அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

ரோட்டார் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே ஒழுகும். சோதிப்பது சுலபம். மூடியைக் கழற்றியபடியே, காயிலின் தடித்த வயரை இடுக்கியில் பிடித்து ரோட்டாரின் பித்தளைக்கு 5 மில்லிமீட்டர் மேலே வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல். ரோட்டாருக்குப் பொறி தாவக் கூடாது. தாவினால், பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கரன்ட் உள்ளே இருக்கும் இரும்பு ஷாஃப்டுக்குப் போகிறது. இப்போது வரும் மட்டமான ரோட்டார்களில் பித்தளையைப் பிடிக்கும் ரிவெட் ஷாஃப்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் புதிதிலேயே இப்படி ஆகிறது. ரிவெட் இல்லாததாகக் கேட்டு வாங்கு.

மழைக்காலத்தில் காலையில் கிளம்பாத வண்டிக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். மூடியைக் கழற்றி, உள்ளும் வெளியும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பிளக் வயர்களையும் துடைத்து மாட்டு. தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் ஃபேன் வாரி இறைத்து டிஸ்ட்ரிபியூட்டரை நனைத்துவிடும், அதற்கும் இதேதான்.

ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங்

என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராக இடுக்கியால் கழற்றி, உடனே மாட்டு. கழற்றியதும் என்ஜின் இன்னும் தடுமாறினால் அந்த சிலிண்டர் நல்லது. எதைக் கழற்றினால் வித்தியாசமே தெரியவில்லையோ அதுதான் சோம்பேறி. அந்த பிளக்கையும் பக்கத்து பிளக்கையும் இடம் மாற்றிப் பார். கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்தால் பிளக், நகராமல் அங்கேயே நின்றால் வயரோ மூடியோ.

பிளக்கின் முகம் நிறைய சொல்லும். காய்ந்த பழுப்பு நிறம் என்றால் நிம்மதி. கரி மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி போதவில்லை. எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால் கோளாறு மின்சாரத்தில் இல்லை, ரிங்கிலோ வால்வு கைடிலோ. பிளக் இடைவெளி 25 தௌ, 0.64 மில்லிமீட்டர்.

கார்பரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடித்தால் வயர் வரிசையைப் பார். வரிசை 1, 3, 4, 2. ரோட்டார் இந்த என்ஜினில் இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மூடியில் வயர்களும் அதே திசையில் அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

நல்ல இருட்டில், போர்டிகோ விளக்கை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டு எட்ட நின்று பார். பிளக் வயர்களில் நீலமாக ஏதாவது ஊர்ந்தால், மினுங்கினால், அந்த இடத்தில் ரப்பர் வெடித்து வோல்ட் கசிகிறது. பகலில் எத்தனை மணி நேரம் தேடினாலும் இது கண்ணில் படாது.

சூடானதும் நின்றுபோனால்

சித்திரை வெயிலில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடியதும் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்புகிற வண்டி. பார்ப்பவர் எல்லோரும் ‘காயில்தான்’ என்பார்கள். காயிலாகவும் இருக்கலாம், கண்டன்சராகவும் இருக்கலாம், பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். நின்ற அந்த நிமிடமே, ஆறுவதற்கு முன்னால், நடு வயரை உருவிப் பொறியைப் பார். நீலப் பொறி இருந்தால் மின்சாரத்தில் குற்றம் இல்லை. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடு. பொறி இல்லையென்றால் முதலில் கண்டன்சரை மாற்று, அப்படியும் இல்லையென்றால் காயில். ஆறிய பிறகு சோதனை செய்து பயனில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

காயில் வாங்குவதிலும் ஒரு விபரீதம் நடக்கிறது. சாதாரண 12 வோல்ட் காயிலின் முதல் சுற்று சுமார் 3 ஓம். வெளியே ரெசிஸ்டர் வைத்து ஓட்ட வேண்டிய காயில் சுமார் 1.5 ஓம். கடைக்காரர் இரண்டாவதைக் கொடுத்து, நீ ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால், இழுக்கும் கரன்ட் இரண்டு மடங்கு. காயில் கொதிக்கும், பாயிண்ட் தீயும், சில நாளில் இரண்டும் போகும். மாட்டுவதற்கு முன் மீட்டரில் அளந்து பார். அதே காரணத்துக்காக, என்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டுப் போகாதே. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 4 ஆம்பியர் காயிலைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ரேடியோ கேட்க வேண்டுமானால் அதற்குத் தனி லைன் போட்டுக்கொள்.

எலக்ட்ரானிக் கிட் போடலாமா?

தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் போடு. பாயிண்ட் தேய்வது, இடைவெளி பார்ப்பது எல்லாம் போய்விடும், பொறியும் சீராக வரும். ஆனால் அது நடுவழியில் நின்றால் யாராலும் சரிசெய்ய முடியாது. அதனால் கழற்றிய பாயிண்ட், கண்டன்சர், தட்டு மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற வண்டிக்கு நான் பாயிண்ட்டையே சிபாரிசு செய்வேன். உப்புத்தாளும் அட்டைத் துண்டும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

டிக்கியில் அதோடு ஒரு ரோட்டார், டெஸ்ட் லேம்ப், ஃபீலர் கேஜ், இரண்டு மீட்டர் வயர், இன்சுலேஷன் டேப், காய்ந்த துணி இருந்தால் போதும். சென்னைக்காரர்களுக்கு புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன; பழைய ஸ்டாக் பாயிண்ட், ரோட்டார் கிடைத்தால் விலை கூடுதலாக இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள். நன்றாக ஓடும்போது கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதே. புது பாகம் மாட்டியும் ஓடாதபோது, உன்னிடம் இருக்கும் நம்பிக்கையான ஒரே அளவுகோல் அதுதான்.

வண்டி நின்ற பிறகு இந்தச் சோதனைகளை முதல் தடவையாகச் செய்யாதே. இந்த வாரமே, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடு வயரை உருவி நல்ல பொறியின் நிறத்தையும் சத்தத்தையும் பார்த்து வைத்துக்கொள். சி.பி. முனையில் பல்பு எப்படி மின்னுகிறது என்று பார். காயிலின் ஓம், பேட்டரியின் வோல்ட் இரண்டையும் அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் வை.